துளை கூடினால் காப்பு கூடுமா?

வீடு கட்டுகிறவர்கள் இன்று திரும்பத் திரும்பக் கேட்கும் வாக்குறுதி ஒன்று உண்டு. "இந்தக் கல்லில் முக்கால் பங்கு காற்றுதான் சார், வெயில் உள்ளே இறங்காது." ஏஏசி (நீராவியில் வேகவைத்த காற்றுக் குமிழிக் கான்கிரீட்) பிளாக் விற்பவர் இதைச் சொல்கிறார். நுரைக் கான்கிரீட் போடுபவரும், மொட்டைமாடியில் தெர்மோகோல் பரப்பச் சொல்பவரும் இதையேதான் சொல்கிறார்கள். பொருள் மூன்று, வாதம் ஒன்று: துளை எவ்வளவு கூடுகிறதோ, எடை எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்கு வெப்பம் தடைப்படும். சித்திரை வெயிலில் தளம் கொதிக்கும் ஊரில், கடன் வாங்கி வீடு கட்டும் குடும்பம் இந்த ஒற்றை வாக்கியத்தை நம்பிப் பெரும் பணத்தைப் போடுகிறது. அதனால் இது எதுவரை உண்மை, எங்கே உடைகிறது என்று நிதானமாக எடைபோட வேண்டியிருக்கிறது.

முதலில் வாதத்தின் பலத்தைப் பார்ப்போம். ஒரு மீட்டர் தடிமனுள்ள பொருளின் இரு பக்கங்களுக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் பாய்கிறது என்பதே வெப்பக் கடத்துதிறன். எண் சிறிதாக இருந்தால் காப்பு நன்று. அசையாமல் நிற்கும் காற்றுக்கு இந்த எண் ஏறத்தாழ 0.026. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1987இல் வெளியிட்ட எஸ்.பி. 41 கையேடு, கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு 1.58 என்றும் சுட்ட செங்கல்லுக்கு 0.811 என்றும் தருகிறது. கான்கிரீட்டோடு ஒப்பிட்டால் நின்ற காற்று அறுபது மடங்கு மோசமான கடத்தி. எனவே கல்லுக்குள் காற்றை அடைத்தால் வெப்பம் தயங்கும் என்ற எண்ணம் அடிப்படையில் சரியானது.

அதே கையேட்டில் நுரைக் கான்கிரீட்டின் வரிசையைப் பாருங்கள். கன மீட்டருக்கு 704 கிலோ எடையுள்ளது 0.149, 400 கிலோவில் 0.084, 320 கிலோவில் 0.070. ஏஏசி பிளாக்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2185 மூன்றாம் பகுதியிலும் இதே போக்குதான்: 651 முதல் 750 கிலோ வரையிலான வகைக்குக் கடத்துதிறன் 0.30ஐத் தாண்டக்கூடாது, 551 முதல் 650 வரை 0.24, 451 முதல் 550 வரை 0.21. எடை இறங்க இறங்க, துளை ஏற ஏற, கடத்தல் குறைகிறது. ஒரே மூலப்பொருள், ஒரே தயாரிப்பு முறை, காய்ந்த நிலை என்ற எல்லைக்குள் விற்பனையாளரின் வாக்கியம் நேர்மையானது. ஆனால் வீடு அந்த எல்லைக்குள் மட்டும் நிற்பதில்லை.

முதல் விரிசல், துளையின் அளவைச் சொன்னால் போதும் என்ற நினைப்பில் இருக்கிறது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். திடப்பகுதியின் கடத்துதிறன் கண்ணாடியைப் போல 1.4 என்றும், மொத்தப் பருமனில் 77 சதவீதம் காற்று என்றும் வைத்துக்கொள்வோம். 600 கிலோ எடையுள்ள ஏஏசி பிளாக்கில் ஏறத்தாழ இந்த அளவுதான் வெற்றிடம். காற்றும் திடப்பொருளும் வெப்பம் போகும் திசையிலேயே தகடு தகடாக நின்றால் மொத்தக் கடத்துதிறன் 0.34. வெப்பத்துக்குக் குறுக்கே அடுக்கடுக்காகக் கிடந்தால் 0.034. துளை அளவு ஒன்றே, விடை பத்து மடங்கு விலகி நிற்கிறது.

இவை இரண்டும் எல்லைக் கோடுகள். நிஜத்துக்கு நெருக்கமான கணக்கை மேக்ஸ்வெல் 1873இல் வெளியான தமது மின்காந்தவியல் நூலில் மின்கடத்தலுக்காகச் செய்தார். அதே சமன்பாடு வெப்பத்துக்கும் பொருந்தும். திடப்பொருள் தொடர்ச்சியாக இருந்து அதற்குள் காற்றுக் குமிழிகள் தனித்தனி உருண்டைகளாக நின்றால் நம் எடுத்துக்காட்டுக்கு 0.26 வருகிறது. காற்று தொடர்ச்சியாக இருந்து அதற்குள் திடத் துகள்கள் தொட்டும் தொடாமலும் கிடந்தால் 0.05 அளவுதான். ஐந்து மடங்கு வித்தியாசம்! ஆக, வெப்பம் கேட்பது "எவ்வளவு துளை" என்ற கேள்வியை மட்டும் அல்ல. ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை திடப்பொருளிலேயே நடந்து போக எனக்கு வழி இருக்கிறதா என்பதே அதன் முதல் கேள்வி. மணல், பெர்லைட், கண்ணாடிக் கம்பளி போன்றவற்றில் துகளும் இழையும் ஒன்றையொன்று புள்ளியளவில்தான் தொடுகின்றன. குமிழி விட்ட கான்கிரீட்டில் எலும்புக்கூடு முழுவதும் இணைந்தே இருக்கிறது.

ஏஏசி பிளாக்கைக் கையில் எடுத்து உடைத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். 1920களில் சுவீடனின் ஜோஹன் ஆக்சல் எரிக்சன் உருவாக்கிய முறையில் ஏஏசி தயாராகிறது. நம் நாட்டில் பெரும்பாலும் அனல்மின் நிலையச் சாம்பல், சுண்ணாம்பு, சிமென்ட், ஜிப்சம் ஆகியவற்றைக் கூழாக்கி, அதில் மிகச் சிறிய அளவு அலுமினியப் பொடியைச் சேர்க்கிறார்கள். அலுமினியம் காரக் கூழோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை விடுகிறது. அச்சில் ஊற்றிய கூழ், புளித்த இட்லி மாவைப் போலப் பொங்கி மேலேறுகிறது. இறுகத் தொடங்கியதும் கம்பியால் அறுத்து, ஆட்டோகிளேவ் கொப்பரையில் 180 டிகிரிக்கு மேல் அழுத்த நீராவியில் பல மணி நேரம் வேக வைக்கிறார்கள். ஹைட்ரஜன் போய்விடும், அந்த இடத்தில் காற்று புகும். உடைத்த முகத்தில் தெரிவது மில்லிமீட்டர் அளவிலான குமிழிகள். குமிழிகளுக்கு இடையிலுள்ள சுவரும் கெட்டியான கல் அல்ல. டோபர்மொரைட் என்ற கனிமத்தின் தகடுகள் பின்னிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளோடு நிற்கின்றன. ஏஏசி காய்ந்த நிலையில் 0.16 அளவுக்கு இறங்குவதற்கு அந்தச் சுவரே பலவீனமான கடத்தி என்பதும் முக்கியக் காரணம். பெரிய குமிழிகளுக்கு மட்டும் பெருமையைக் கொடுப்பது தவறு.

திடப்பொருளின் தொடர்ச்சி சுவர் கட்டும்போது இன்னொரு வடிவத்தில் திரும்பி வருகிறது. 600க்கு 200 மில்லிமீட்டர் முகமுள்ள பிளாக்கைச் சாதாரண சிமென்ட் கலவையில் 12 மில்லிமீட்டர் இணைப்பு வைத்துக் கட்டினால், சுவர்ப் பரப்பில் ஏழரை சதவீதம் கலவை. கலவையின் கடத்துதிறன் 0.72. அந்த ஏழரை சதவீதம் மட்டுமே சுவரின் சராசரியை 0.16இலிருந்து 0.20க்குத் தள்ளிவிடுகிறது, கால் பங்கு கூடுதல் வெப்பம் இணைப்புகள் வழியாக ஒழுகிவிடுகிறது. அதையே 3 மில்லிமீட்டர் ஒட்டுப்பசையில் கட்டினால் 0.17தான். பிளாக் மாறவில்லை, அதிலுள்ள துளையும் மாறவில்லை. கொத்தனாரின் கரண்டியில்தான் வித்தியாசம். துளையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுபவர்கள் இணைப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் போவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இரண்டாவது விரிசல் இன்னும் ஆழமானது. துளை கூடினால் காப்பு குறையவும் கூடும். சான்று மீண்டும் எஸ்.பி. 41 கையேட்டிலேயே இருக்கிறது. கன மீட்டருக்கு 16 கிலோ எடையுள்ள தெர்மோகோலுக்குக் கடத்துதிறன் 0.038. 24 கிலோ எடையுள்ளதற்கு 0.035. முதலாவதில் 98.5 சதவீதம் காற்று, இரண்டாவதில் 97.7 சதவீதம். அதிகக் காற்றுள்ளதுதான் அதிக வெப்பத்தைக் கடத்துகிறது. எடையை 34 கிலோவுக்கு ஏற்றினாலும் 0.035தான். கண்ணாடிக் கம்பளியிலும் இதே கதை: மிக லேசாக விரித்ததைவிடச் சற்று அமுக்கிச் செறிவாக்கியது நன்றாகக் காக்கிறது, அதற்கு மேலும் அமுக்கினால் மறுபடி கெடுகிறது.

காரணம் கதிர்வீச்சு. துளையின் ஒரு சுவர் சூடாகவும் எதிர்ச்சுவர் குளிர்ந்தும் இருந்தால், நடுவில் காற்று அசையாமல் நின்றாலும் அகச்சிவப்புக் கதிராக வெப்பம் தாவிவிடும். அறை வெப்பநிலையில் ஒரு மில்லிமீட்டர் துளையில் இந்தத் தாவல் கடத்துதிறனோடு ஏறத்தாழ 0.006ஐச் சேர்க்கும். துளை 5 மில்லிமீட்டரானால் 0.03, அதாவது காற்றின் சொந்தக் கடத்தலுக்கு இணையான அளவு. அதற்கும் பெரிய துளையில் காற்றே சுழலத் தொடங்கி வெப்பச்சலனமும் சேரும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் துளையிலோ கதிர்வீச்சின் பங்கு புறக்கணிக்கத் தக்கது. தெர்மோகோல் மணிக்குள் அறைகள் அந்த அளவில் சிறியவைதான். ஆனால் 16 கிலோ வகையில் அறைச்சுவர்கள் மிக மெல்லியவை. கதிர் அவற்றை ஊடுருவி அடுத்த அறைக்கும், அதற்கடுத்த அறைக்கும் போய்விடுகிறது. தெர்மோகோலின் மூலப்பொருளான பாலிஸ்டைரீனைக் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்தால் கதிருக்குத் தடை கூடுகிறது. இதே காரணத்தால்தான் கிராஃபைட் தூள் கலந்த சாம்பல் நிறத் தெர்மோகோல், அதே எடையில் வெள்ளைத் தெர்மோகோலைவிட நன்றாகக் காக்கிறது. துளையின் அளவு மாறாமலே காப்பு மேம்படுகிறது என்றால், துளைதான் எல்லாம் என்ற வாதம் அங்கேயே தோற்றுவிட்டது.

வெப்பநிலை ஏறினால் நிலைமை இன்னும் கடுமையாகும். கதிர்வீச்சின் பங்கு கெல்வின் வெப்பநிலையின் மும்மடிக்கு ஏற்பப் பெருகும். 1000 டிகிரி செல்சியஸ் சூளையில் அதே ஒரு மில்லிமீட்டர் துளை ஏறத்தாழ 0.47ஐச் சேர்க்கும், காய்ந்த ஏஏசி பிளாக்கின் மொத்தக் கடத்தலைப் போல மூன்று மடங்கு. மொட்டைமாடிக்கு நல்லதான அதே துளை, சூளைக்கு வெப்பம் ஒழுகும் ஜன்னல். எந்த வெப்பநிலையில் என்று சொல்லாமல் "துளை நல்லது" என்று சொல்வதற்குப் பொருளே இல்லை.

மறுமுனையில், துளையை நுண்ணியதாக்கிக்கொண்டே போனால் காற்றையே வெல்லலாம். சாதாரண அழுத்தத்தில் காற்றின் மூலக்கூறு ஒன்று மற்றொன்றில் மோதுமுன் சராசரியாக 70 நானோமீட்டர் அளவு பறக்கிறது. துளை அதைவிடச் சிறிதானால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுவதைவிடச் சுவரோடு மோதுவதே மிகுந்துவிடும். வெப்பத்தைக் கைமாற்றும் சங்கிலி அறுந்துவிடும். சாமுவேல் கிஸ்ட்லர் 1931இல் அறிவித்த ஏரோஜெல் இதனால்தான் 0.013 முதல் 0.015 வரை இறங்குகிறது; நின்ற காற்றின் பாதி. இங்கும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மிக மிக லேசான ஏரோஜெல் மிகச் சிறந்த காப்பு அல்ல. கன மீட்டருக்கு 100 முதல் 150 கிலோ வரையிலான செறிவில்தான் அதன் கடத்தல் அடிமட்டத்தைத் தொடுகிறது. அதற்குக் கீழே இறங்கினால் துளைகள் பெரிதாகின்றன, கதிரும் தப்பிக்கிறது. குளிர்பதனப் பெட்டியில் ஊற்றும் பாலியூரித்தேன் நுரையில் வேறு உபாயம்: மூடிய துளைகளுக்குள் காற்றைவிடக் குறைவாகக் கடத்தும் வாயுவை அடைக்கிறார்கள். ஆண்டுகள் போகப்போக அந்த வாயு மெல்லக் கசிந்து காற்று நுழையும்போது, துளை மாறாமலே காப்பு தேய்கிறது.

இதுவரை பேசியதெல்லாம் காய்ந்த பொருளுக்கு. மூன்றாவது விரிசல் தண்ணீர். நம் ஊருக்கு இதுவே தலையானது. தண்ணீரின் கடத்துதிறன் 0.6, நின்ற காற்றைப் போல 23 மடங்கு. துளைக்குள் ஈரம் புகுந்தால் காற்று வெளியேறுகிறது. அத்தோடு நிற்பதில்லை. சூடான பக்கத்தில் ஈரம் ஆவியாகி, குளிர்ந்த பக்கத்தில் மீண்டும் நீராகி, ஆவியாதலின் வெப்பத்தையே சுமந்து போகிறது. ஏஏசியில் எடையில் ஒரு சதவீதம் ஈரம் ஏறினால் கடத்துதிறன் ஏறத்தாழ 4 சதவீதம் ஏறும் என்பது பொறியாளர்கள் கொள்ளும் கணக்கு. 10 சதவீத ஈரத்தில் ஒன்றரை மடங்கு. 20 சதவீதத்தில் இரண்டு மடங்கைத் தாண்டும். கொப்பரையிலிருந்து வெளிவரும் பிளாக்கிலேயே 30 சதவீதம் அளவுக்கு ஈரம் இருக்கும். அதை ஆறவிடாமல் கட்டி, இரு பக்கமும் உடனே பூசி, நீர் ஊடுருவாத பெயின்ட்டும் அடித்துவிட்டால், பட்டியலிலுள்ள 0.16ஐ அந்தச் சுவர் நெடுங்காலம் காணப்போவதில்லை.

இங்கேதான் துளையின் எண்ணிக்கையைவிட அதன் கதவு முக்கியமாகிறது. ஒன்றோடொன்று இணைந்த திறந்த துளை நீரை உறிஞ்சும். மூடிய துளை உறிஞ்சாது. மொட்டைமாடிக்கு இது வாழ்வா சாவா என்ற கேள்வி. தளத்தின் மேல் 100 மில்லிமீட்டர் நுரைக் கான்கிரீட்டைப் போட்டு, அதன் மேல் நீர்க்காப்புப் பூச்சு பூசி, ஓடு பதிக்கிறார்கள் என்று வையுங்கள். 400 கிலோ வகை காய்ந்திருந்தால் 150 மில்லிமீட்டர் கான்கிரீட் தளத்தைவிடப் பன்னிரண்டு மடங்கு வெப்பத்தடை தரும். ஆனால் கலக்கும்போது சேர்த்த நீர் கீழே தளத்துக்கும் மேலே பூச்சுக்கும் நடுவே சிறைப்படுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டின் ஒரு விரிசல் வழியாக இறங்கும் நீரும் அதோடு சேர்ந்தால் வெளியேற வழியில்லை. சித்திரையில் அந்தத் துளைகள் காற்றோடு இல்லாமல் நீரோடு நிற்கும். அந்த இடத்தில், மூடிய அறைகளைக் கொண்ட எக்ஸ்பிஎஸ் (பிதுக்கிச் செய்த பாலிஸ்டைரீன்) பலகை 50 மில்லிமீட்டர் இருந்தாலே போதும். அது ஈரத்திலும் 0.03க்கு அருகே நிற்கக்கூடியது. நம் முன்னோர் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்த தளத்தையும் இங்கே நேர்மையாக எடைபோட வேண்டும். மழை நீரைச் சரிவாக வழியவிடுவதிலும், தளம் விரியாமல் காப்பதிலும் அது நல்ல வேலை செய்தது. ஆனால் அதன் கடத்துதிறன் 0.73, 75 மில்லிமீட்டர் போட்டாலும் அது தரும் தடை கான்கிரீட் தளத்தின் தடைக்குச் சமம்தான். 50 மில்லிமீட்டர் தெர்மோகோல் தருவதில் பதினான்கில் ஒரு பங்கு.

துளையைக் கூட்டுவதற்குக் கொடுக்கும் விலையையும் தராசில் வைக்க வேண்டும். ஐ.எஸ். 2185இன் முதல் தரப் பிளாக்குகளில் 551 முதல் 650 கிலோ வகைக்கு அழுத்த வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 4 நியூட்டன். 451 முதல் 550 கிலோ வகைக்கு 2 நியூட்டன். கடத்துதிறன் 0.24இலிருந்து 0.21க்கு இறங்க, அதாவது எட்டில் ஒரு பங்கு காப்புக்காக, வலிமையில் பாதியைக் கொடுக்கிறோம். சட்டகம் தாங்கும் கட்டடத்தில் வெறும் நிரப்புச் சுவருக்கு இது தாங்கும். சுவரே சுமை தாங்கும் வீட்டில் இந்தப் பேரம் எனக்கு ஏற்புடையதல்ல.

நேரமும் ஒரு விலைதான். பகல் வெப்பம் எவ்வளவு விரைவில் உட்பக்கம் வந்து சேரும் என்பது, கடத்துதிறனை அடர்த்தியாலும் தன்வெப்பத்தாலும் வகுத்த விடையைப் பொறுத்தது. கையேட்டின் எண்களை இட்டுப் பார்த்தால் கான்கிரீட்டுக்கு 0.8, செங்கல்லுக்கு 0.5, 24 கிலோ தெர்மோகோலுக்கு 1.1 (நொடிக்குச் சதுர மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில்). தெர்மோகோல் விடும் வெப்பம் மிகக் குறைவு. ஆனால் விடுவதைத் தாமதிக்காமல் விடுகிறது. அதற்குச் சேர்த்து வைக்கும் உடம்பு இல்லை. எனவே லேசான காப்பு தனியே நின்றால் போதாது. கனமான தளத்தை உள்ளே வைத்து, லேசான காப்பை அதன் வெளிமுகத்தில் போடுவதே முறை. ஏஏசி இந்த வகையில் நடுநிலையான பொருள்: கடத்தலும் குறைவு, பரவும் வேகமும் 0.4 அளவில் குறைவு.

என் விமர்சனத்துக்கு ஒரு மறுப்பு வரும், அது நியாயமானதும் கூட. கட்டுமான இடத்தில் கடத்துதிறனை யார் அளப்பது? தராசு எல்லா இடத்திலும் இருக்கிறது; எடையைப் பார்த்துத் துளையை ஊகிப்பதுதான் சாத்தியம் என்பார்கள். ஒரே நிறுவனத்தின் ஒரே வகைப் பிளாக்கில் தரம் குறைந்திருக்கிறதா என்று சோதிக்க எடை போதுமான கருவி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏஏசியையும் தெர்மோகோலையும் நுரைக் கான்கிரீட்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் எடை வழிதவற வைக்கும். சோதனைக்கூடத்தில் அளந்த கடத்துதிறனைக் கேட்டுப் பெறுவது வாங்குபவரின் உரிமை. அதை எந்த வெப்பநிலையில், எத்தனை சதவீத ஈரத்தில் அளந்தார்கள் என்று எழுதித் தராத எண் பாதி எண்தான்.

இனி தீர்ப்பு. நுண்துளை இல்லாமல் லேசான வெப்பக்காப்பு இல்லை. அந்த மட்டில் பழைய வாதம் நிற்கிறது. அதையே காப்பின் அளவுகோலாக ஏற்க முடியாது. துளை சிறியதா, மூடியதா, காய்ந்ததா, அதைச் சுற்றியுள்ள திடப்பொருள் தொடர்ச்சியாக இருக்கிறதா, கதிரை மறிக்கிறதா: இந்த ஐந்தும் சதவீதத்தைவிடக் கனமான கேள்விகள். இந்த அளவுகோலில் நம் ஊர்ச் சுவருக்கு 551 முதல் 650 கிலோ ஏஏசி பிளாக்கையே தேர்ந்தெடுப்பேன். ஒட்டுப்பசையில் கட்டி, பூசுவதற்கு முன் காயவிட்டு, மழைச் சாரல் படும் முகத்தைக் காக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. இரு பக்கப் பூச்சோடு கணக்கிட்டால் 230 மில்லிமீட்டர் செங்கல் சுவர் சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 2 வாட் விடுகிறது. 200 மில்லிமீட்டர் ஏஏசி சுவர், ஐ.எஸ். அனுமதிக்கும் உச்ச எண்ணிலும் 1 வாட் அளவுதான் விடுகிறது. காய்ந்த நிலையில் 0.16 உள்ள ஏஏசி சுவர் இருபது சதவீதம் நனைந்தாலும் 1.3 வாட்டோடு நின்றுவிடும். ஆகவே இது நம்பத்தக்க பொருள். மொட்டைமாடிக்குத் திறந்த துளை கொண்ட நுரைக் கான்கிரீட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூடிய துளைப் பலகையைத் தளத்தின் மேல்முகத்தில் பதிப்பதே அங்கு சரி. தெர்மோகோல்தான் வாங்க முடியும் என்பவர்கள் 16 கிலோவைத் தவிர்த்து 24 கிலோவை வாங்கி, நீர் புகாமல் மூடிவிடட்டும். "முக்கால் பங்கு காற்று" என்று ஒருவர் சொன்னால், அந்தக் காற்று மழைக்குப் பிறகும் அங்கேயே இருக்குமா என்று கேளுங்கள். அதற்கு அளந்த எண்ணோடு பதில் சொல்பவரிடம் மட்டும் பணத்தைக் கொடுங்கள்.